பழைய கோல்ஃப் மைதானங்களைத் திருத்துவதா, காப்பதா? டாம் டோக்கின் வடிவமைப்புக் கொள்கை - ஒரு விளக்கம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கடலே கண்ணுக்கெட்டாத உள்நாட்டு மணல்வெளி ஒன்றில், 2023-ஆம் ஆண்டு ஒரு கோல்ஃப் மைதானம் திறக்கப்பட்டது. அதன் பெயர் லிடோ. அங்குள்ள மேடு, பள்ளம், மணற்குழி ஆகிய அனைத்தும் வேறோர் இடத்தில், வேறொரு காலத்தில் இருந்தவை. நியூயார்க் அருகே லாங் தீவின் கடற்கரையில் 1917-இல் உருவாகி, இரண்டாம் உலகப் போரின்போது கடற்படைத் தேவைகளுக்காக அழிக்கப்பட்ட பழைய லிடோ மைதானத்தின் மறுபிறப்பு இது. பழைய புகைப்படங்களைக் கொண்டு ஆர்வலர் ஒருவர் உருவாக்கிய கணினி மாதிரியை அடிப்படையாக வைத்து, செயற்கைக்கோள் வழிகாட்டுதலுடன் இயங்கும் மண் அள்ளும் இயந்திரங்களால் அது மீண்டும் வார்த்தெடுக்கப்பட்டது.

இந்தப் பணிக்குத் தலைமை வகித்தவர் அமெரிக்க வடிவமைப்பாளர் டாம் டோக். நிலத்தை முடிந்தவரை தொடாமல் விட வேண்டும், இயற்கை தந்த வடிவத்தையே விளையாட்டாக மாற்ற வேண்டும் என்று நாற்பது ஆண்டுகளாக வாதிட்டு வருபவர் அவர். அத்தகைய ஒருவர் ஒரு சமவெளியை அங்குலம் அங்குலமாக மாற்றி, மறைந்த ஒருவரின் படைப்பை ஏன் நகலெடுத்தார்? இக்கேள்விக்கான விடையில், இன்றைய கோல்ஃப் உலகின் முக்கியமான சர்ச்சை ஒன்று அடங்கியுள்ளது. நூறாண்டு பழமையான மைதானங்களை நவீன வீரர்களின் ஆற்றலுக்கேற்பத் திருத்தியமைப்பதா, அல்லது கட்டடக்கலைச் சின்னங்களைப் போல் பாதுகாப்பதா என்பதே அது.

மைதானத்தை வடிவமைப்பது என்றால் என்ன?

கிரிக்கெட், கால்பந்து, டென்னிஸ் போன்ற விளையாட்டுகளில் ஆடுகளத்தின் அளவு பெரும்பாலும் விதிகளால் வரையறுக்கப்பட்டுள்ளது. கோல்ஃபில் அவ்வாறு இல்லை. 18 'ஹோல்'கள் இருக்க வேண்டும் என்பது மரபு. ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், எந்தத் திசையில் வளைய வேண்டும், மணற்குழிகள் எங்கே அமைய வேண்டும், பந்து இறுதியாகச் சென்று விழும் துளையைச் சுற்றியுள்ள 'கிரீன்' எனும் மென்புல் தரை எப்படிச் சரிய வேண்டும் என்பனவெல்லாம் வடிவமைப்பாளரின் விருப்பம். வீரரின் எதிராளி மற்றொரு வீரர் மட்டுமல்லர், நிலமும்தான். ஆகவே அந்த நிலத்தைச் செதுக்குபவருக்கு இவ்விளையாட்டில் ஒரு சிற்பிக்குரிய இடம் உண்டு.

தொடக்கத்தில் சிற்பிகள் எவரும் இருக்கவில்லை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலுள்ள ஓல்ட் கோர்ஸ், கடலோர மணல்மேடுகளில் பல நூற்றாண்டுகளாக மக்கள் நடந்தும் ஆடியும் உருவான இடம். அங்கு 14 ஹோல்கள் ஏழு பெரிய கிரீன்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆட்டப் பாதைகள் ஒன்றோடொன்று கலந்து மிக அகலமாகக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் மைதானத்தை ஒரு வாரம் ஒரு திசையிலும், மறுவாரம் எதிர்த்திசையிலும் ஆடும் வழக்கம் இருந்தது.

1961-இல் பிறந்த டோக், கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிலக்காட்சி வடிவமைப்புப் பயின்றார். 1982-இல் பட்டம் பெற்றதும் கிடைத்த உதவித்தொகையுடன் பிரிட்டன் சென்ற அவர், அந்தக் கோடையில் ஓல்ட் கோர்ஸில் வீரர்களின் பையைச் சுமக்கும் 'கேடி'யாக வேலை பார்த்தார். ஒரே ஹோலைத் தேர்ந்த வீரர், முதியவர், புதியவர் என ஒவ்வொருவரும் வெவ்வேறு பாதையில் ஆடுவதை நாள்தோறும் அருகிலிருந்து காணும் வாய்ப்பு அது. அகலமான மைதானம் எளிதான மைதானம் அன்று என்பதை எந்த வகுப்பறையையும்விட இந்த வேலை தெளிவாகக் கற்பித்திருக்கும். எங்கு வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆனால் அன்றைய துளையின் இடத்தைப் பொறுத்து, சரியான கோணம் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே கிடைக்கும். பந்து தொலையாது, வாய்ப்புத் தொலையும்.

தாயகம் திரும்பிய அவர், டிபிசி சாக்ராஸின் புகழ்பெற்ற தீவு கிரீனை உருவாக்கிய பீட் டையிடம் பணிபுரிந்து தொழில் கற்றார். டை, நீளமான வரைபடங்களை நம்பாமல் களத்தில் இயந்திரத்தின் அருகில் நின்று முடிவெடுப்பவர். டோக் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது இந்த வழிமுறையைத்தான். நாடகத்தன்மை மிக்க தோற்றத்தையன்று.

மண் அள்ளும் இயந்திரத்தின் காலம்

டோக்கின் கொள்கையைப் புரிந்துகொள்ள, அது எதை எதிர்த்து எழுந்தது என்பதை அறிய வேண்டும். 1910 முதல் 1930-களின் தொடக்கம் வரையிலான காலத்தைக் கோல்ஃப் வடிவமைப்பின் பொற்காலம் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். சார்லஸ் பிளேர் மெக்டொனால்ட், அலிஸ்டர் மெக்கன்சி, டொனால்ட் ராஸ் போன்றோர் அக்காலத்தவர். குதிரைகளும் மனித உழைப்பும் கொண்டே பெரும்பாலும் பணிகள் நடந்ததால், நிலத்தைப் பெரிதாக மாற்ற இயலவில்லை. அந்த வரம்பே அவர்களின் பலமாக அமைந்தது. மெக்கன்சி ஒரு மருத்துவர். தென்னாப்பிரிக்கப் போர்க்களத்தில் போயர் வீரர்கள் தம் நிலைகளை நிலத்தோடு நிலமாக மறைத்த விதத்தைக் கண்டு வியந்து, அந்த உருமறைப்புக் கலையை மணற்குழிகளை இயற்கையானவைபோல் தோன்றச் செய்வதற்குப் பயன்படுத்தியவர்.

பொருளாதாரப் பெருமந்தமும் உலகப் போரும் அந்தத் தலைமுறையின் பணியை முடித்துவைத்தன. போருக்குப் பின் கனரக இயந்திரங்கள் வந்தன. ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் தலைமையிலான புதிய தலைமுறை, நீளமான, குறுகலான, செயற்கை நீர்நிலைகள் நிறைந்த மைதானங்களை உலகெங்கும் அமைத்தது. 1951 அமெரிக்க ஓபன் போட்டிக்காக டொனால்ட் ராஸின் ஓக்லாண்ட் ஹில்ஸ் மைதானத்தை ஜோன்ஸ் திருத்தியது, பழைய மைதானங்களைப் பெரிய போட்டிகளுக்காக மாற்றும் வழக்கத்துக்குப் பெயர்பெற்ற முன்னுதாரணமானது. இவ்வழியின் உச்சமாக, 1980-களின் முடிவில் லாஸ் வேகாஸ் பாலைவனத்தின் நடுவே மலைகளும் ஓடைகளும் பைன் மரங்களும் கொண்ட ஷேடோ கிரீக் எனும் மைதானமே முழுக்க முழுக்கச் செயற்கையாக எழுப்பப்பட்டது.

ஏறக்குறைய அதே நேரத்தில், 1989-இல், மிச்சிகன் மாநிலத்தில் டோக் தமது முதல் மைதானமான ஹை பாயின்டைத் திறந்தார். மண் பெரிதாக நகர்த்தப்படவில்லை. அன்று அதைக் கவனித்தவர்கள் சிலரே.

நிலம் சொல்வதைக் கேட்பது

டோக்கின் பெயரை உலகறியச் செய்தது, ஆரிகன் மாநிலத்தின் பசிபிக் கடற்கரையில் 2001-இல் திறக்கப்பட்ட பசிபிக் டியூன்ஸ். அதன் இரண்டாம் பாதியைப் பார்த்தால் அவருடைய கொள்கை விளங்கும். வழக்கமான மைதானத்தில் ஒவ்வொரு ஒன்பது ஹோல்களிலும் மூன்று அடிகளில் முடிக்க வேண்டிய குறு ஹோல்கள் இரண்டும், ஐந்து அடிகளில் முடிக்க வேண்டிய நெடு ஹோல்கள் இரண்டும், மற்றவை நான்கடி ஹோல்களாகவும் இருப்பது எழுதப்படாத விதி. பசிபிக் டியூன்ஸின் கடைசி ஒன்பதில் குறு ஹோல்கள் நான்கு. நெடு ஹோல்கள் மூன்று. நான்கடி ஹோல்கள் இரண்டே இரண்டு. அவற்றில் இரண்டு குறு ஹோல்கள் அடுத்தடுத்து வருகின்றன. சமநிலைக்காக வேறு வகையில் அமைத்திருந்தால், கடலோரத்தின் மிக அழகிய மேடுகளை இடித்திருக்க வேண்டும் அல்லது ஒதுக்கியிருக்க வேண்டும். டோக் மேடுகளை வைத்துக்கொண்டு விதியைக் கைவிட்டார்.

இதனை 'மினிமலிசம்' என்று அழைக்கின்றனர். சொல் எளிது, செயல் எளிதன்று. முதலில், ஹோல்களை நிலத்தின் மீது எந்த வரிசையில் கோப்பது என்னும் 'ரூட்டிங்' பணிக்கு மாதக்கணக்கில் நடக்க வேண்டும். இயற்கையான கிரீன் தளங்களை முதலில் கண்டறிந்து, அவற்றை இணைக்கும் பாதையைப் பின்னர் தேட வேண்டும். பின்பு, களத்தில் இயந்திரம் ஓட்டும் வடிவமைப்பாளர்கள், வரைபடத்தைப் பின்பற்றாமல் கண்ணால் பார்த்துப் பார்த்துச் செதுக்க வேண்டும். டோக்கின் ரினைசன்ஸ் கோல்ஃப் டிசைன் நிறுவனத்தில் இவ்வாறு பயின்ற பலர் இன்று தனித்து இயங்கும் வடிவமைப்பாளர்கள். 2016 ரியோ ஒலிம்பிக் மைதானத்தை வடிவமைத்த கில் ஹான்ஸும் தொடக்க காலத்தில் டோக்குடன் பணியாற்றியவர்தாம்.

2016-இல் மிச்சிகனில் அவர் அமைத்த 'தி லூப்' மைதானம் இன்னும் துணிச்சலானது. 18 கிரீன்களே உள்ள அம்மைதானத்தை ஒரு நாள் கடிகாரத் திசையிலும், மறுநாள் எதிர்த்திசையிலும் ஆடலாம். ஒவ்வொரு கிரீனும் இரண்டு பக்கங்களிலிருந்தும் வரும் பந்தை ஏற்க வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய வழக்கம், முற்றிலும் புதிய நிலத்தில் உயிர்பெற்றது. பழையதை மதிப்பது என்றால் அதன் தோற்றத்தை நகலெடுப்பதன்று, அதன் சிந்தனையைப் புரிந்துகொள்வது என்பதற்கு லிடோவைவிட இதுவே சிறந்த சான்று எனத் தோன்றுகிறது.

எழுத்தாளராகவும் அவர் அஞ்சப்படுபவர். 1992-இல் வெளியான 'தி அனாட்டமி ஆஃப் எ கோல்ஃப் கோர்ஸ்' மாணவர்களுக்குப் பாடநூல்போல் ஆகிவிட்டது. மற்றொரு நூலான 'தி கான்ஃபிடென்ஷியல் கைட் டு கோல்ஃப் கோர்சஸ்' நண்பர்களுக்கெனத் தனிச்சுற்றாக எழுதப்பட்டு, பின்னர் பொதுவெளிக்கு வந்தது. உலக மைதானங்களுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் வழங்கிய அந்நூலில், புகழ்மிக்க வடிவமைப்பாளர்களின் பெருஞ்செலவுப் படைப்புகள் சிலவும் தப்பவில்லை. சக தொழிலாளர்களைப் பகிரங்கமாக விமர்சிக்காத மரபுள்ள துறையில், இது அவருக்கு நண்பர்களையும் பகைவர்களையும் ஒருங்கே தேடித்தந்தது.

பழைய மைதானங்கள் ஏன் ஆபத்தில் உள்ளன?

சிக்கலின் வேர், பந்து செல்லும் தொலைவு. உலோகத் தலை மட்டைகளும், 2000-க்குப் பிறகு பரவிய திடக்கருப் பந்துகளும், உடற்பயிற்சி அறிவியலும் சேர்ந்து, முன்னணி வீரர்களின் அடியைப் பெருமளவு நீட்டித்துவிட்டன. 1920-களில் கவனமாக அளந்து வைக்கப்பட்ட மணற்குழிகளின் மேல் பந்து இன்று பறந்து செல்கிறது. அகஸ்டா நேஷனலில் 1997-இல் டைகர் உட்ஸ் 12 அடிகள் வித்தியாசத்தில் வென்றபோது மைதானத்தின் நீளம் 6,925 கெஜம். இன்று அது 7,500 கெஜத்தைக் கடந்துவிட்டது. புகழ்பெற்ற 13-ஆவது ஹோல் மட்டுமே 2023-இல் 35 கெஜம் நீட்டப்பட்டது. அகஸ்டாவிடம் பணமும் நிலமும் உண்டு. நகர எல்லைக்குள் நெருக்கப்பட்ட நூறாண்டு பழைய சங்கங்களிடம் நிலம் ஏது?

நீளத்தைப் போலவே பேசப்பட வேண்டிய, ஆனால் குறைவாகவே பேசப்படும் மற்றொரு காரணம் கிரீன்களின் வேகம். நவீன வெட்டுக் கருவிகள் புல்லை மழித்ததுபோல் ஆக்குவதால், பந்து பழைய காலத்தைவிடப் பன்மடங்கு வழுக்கி ஓடுகிறது. அன்றைய மெதுவான புல்லுக்கு ஏற்றதாயிருந்த சரிவில் இன்று பந்து நிற்பதில்லை. உடனே, சரிவைத் தட்டையாக்குங்கள் என்ற கோரிக்கை எழுகிறது. அப்போது அழிவது புல் மட்டுமன்று. அந்த கிரீனின் குணமே.

இந்த மோதல் 2012 நவம்பரில் செயின்ட் ஆண்ட்ரூஸையே தொட்டது. 2015 ஓபன் போட்டிக்கு முன்னதாக ஓல்ட் கோர்ஸில் சில மணற்குழிகளை இடம் மாற்றவும், 11-ஆவது கிரீனின் ஒரு பகுதிச் சரிவைக் குறைக்கவும், 17-ஆவது ஹோலின் ரோடு பங்கர் பகுதியைத் திருத்தவும் முடிவு செய்யப்பட்டு, அறிவிப்பு வெளியான உடனேயே பணிகளும் தொடங்கின. வடிவமைப்பாளர் மார்ட்டின் ஹாட்ரீ வகுத்த அம்மாற்றங்களைப் பகிரங்கமாக எதிர்த்த முதன்மைக் குரல்களில் ஒன்று டோக்குடையது. உலக வடிவமைப்பாளர் சங்கங்களின் தலைவர்களுக்கு எழுதி, ஒன்றுபட்டு எதிர்க்க வேண்டும் என அவர் வேண்டினார். உலகின் வடிவமைப்பாளர்கள் அனைவரும் பாடம் கற்ற இடத்தை, சில வீரர்களின் ஒரு வாரப் போட்டிக்காக, பொதுவிவாதம் இன்றி மாற்றுவது தவறு என்பதே எதிர்ப்பின் சாரம். பணிகள் நிற்கவில்லை. ஓல்ட் கோர்ஸ் ஒருபோதும் உறைந்த பொருளாக இருந்ததில்லை, அது எப்போதும் மாறிக்கொண்டே வந்துள்ளது என மாற்றத்தை ஆதரித்தோர் கூறினர். அந்த வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

மீட்பது எந்த ஆண்டுக்கு?

பழைய மைதானங்களைத் திருத்தும் பணியில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அழைக்கப்பட்ட வடிவமைப்பாளர் தமது பாணியைப் புகுத்துவது. மற்றொன்று, மூல வடிவமைப்பாளரின் நோக்கத்தைத் தேடி மீட்பது. டோக் இரண்டாவது அணியில் உறுதியாக நிற்பவர். கலிபோர்னியாவில் மெக்கன்சி 1929-இல் அமைத்த பாசாட்டியெம்போ மைதானத்தின் மீட்புப் பணியில் அவரது குழு பல ஆண்டுகள் ஈடுபட்டது. மெக்கன்சியின் வாழ்க்கை வரலாற்று நூலை எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

மீட்புப் பணி துப்பறியும் வேலையை ஒத்தது. 1930-களின் வான்வழிப் புகைப்படங்கள், சங்கங்களின் பழைய கோப்புகள், செய்தித்தாள் படங்கள் ஆகியவற்றைச் சேகரித்து ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் இரண்டு உண்மைகள் வெளிப்படும். முதலாவது, ஆண்டுதோறும் புல்வெட்டும் பணியாளர் மூலையைச் சிறிது குறுக்கியதால் கிரீன்கள் சுருங்கியிருக்கும். ஓரத்திலிருந்த சுவையான துளை இடங்கள் நீள்புல்லில் மறைந்திருக்கும். இரண்டாவது, போருக்குப் பின் நல்லெண்ணத்துடன் நடப்பட்ட மரங்கள் வளர்ந்து, அகலமான பாதைகளைக் குறுகிய சந்துகளாக்கியிருக்கும். மரத்தை வெட்டுவது பற்றிப் பேசினாலே சங்க உறுப்பினர்கள் கொதிப்பது உலக வழக்கம்.

ஆனால் எந்த ஆண்டுக்கு மீட்பது என்னும் கேள்வி எளிதில் தீர்வதில்லை. மெக்டொனால்ட் தமது நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் மைதானத்தைத் திறந்த பின்னும் பல ஆண்டுகள் திருத்திக்கொண்டே இருந்தார். படைத்தவரே நிறைவடையாத ஒன்றில், எந்த நாளின் வடிவம் மூல வடிவம்?

மெக்டொனால்டின் பெயர் இங்கு மீண்டும் வருவதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனின் சிறந்த ஹோல்களின் அடிப்படைக் கருத்துகளை எடுத்து, அமெரிக்க நிலத்தில் புதிதாகப் பொருத்திக் காட்டியவர் அவர். எடுத்துக்காட்டாக, ஸ்காட்லாந்தின் நார்த் பெர்விக்கில் உள்ள 'ரெடான்'. கோட்டை அரணின் பெயரைத் தாங்கிய அந்தக் குறு ஹோலில் கிரீன் சாய்கோணத்தில் அமைந்து, முன்வலப்புறத்திலிருந்து பின்னிடப்புறம் நோக்கிச் சரியும். இடப்புறத்தை ஆழமான மணற்குழி காக்கும். நேராகத் துளையை நோக்கி அடிப்பவர் ஆபத்தை ஏற்கிறார். நிலத்தை அறிந்தவர் வலப்புறம் அடித்து, சரிவே பந்தை உருட்டிச் செல்ல விடுகிறார். இக்கருத்துகளுக்குச் செலுத்தும் வணக்கமாகவே டோக், சக வடிவமைப்பாளர் ஜிம் அர்பினாவுடன் 2010-இல் ஆரிகனில் 'ஓல்ட் மெக்டொனால்ட்' மைதானத்தை அமைத்தார்.

இப்போது லிடோவுக்குத் திரும்பலாம். மூல லிடோ இயற்கையின் படைப்பே அன்று. கடலிலிருந்து மணலை இறைத்துச் சதுப்பை நிரப்பி, மெக்டொனால்ட் தாம் விரும்பிய நிலத்தைத் தாமே உண்டாக்கினார். அதன் 18-ஆவது ஹோல், 1914-இல் ஓர் ஆங்கில இதழ் நடத்திய போட்டியில் மெக்கன்சி பரிசு பெற்ற வரைவைத் தழுவியது. ஆகவே அதை அங்குலம் பிசகாமல் மீட்டெடுப்பது நிலத்துக்கு இழைக்கும் துரோகமன்று, தொலைந்த நூலின் மறுபதிப்பு என ஏற்கலாம். ஆயினும் அலையோசையும் உப்புக்காற்றும் இல்லாத லிடோவை லிடோ என்று எந்த அளவுக்கு அழைக்கலாம் என்ற ஐயம் முற்றிலும் நீங்கவில்லை.

விமர்சனங்களும் விதிவிலக்குகளும்

மினிமலிசத்தின் மீதான முதன்மையான குறை, அது இயற்கையாகவே மேடுபள்ளமும் மணலும் உள்ள நிலத்தைக் கோருகிறது என்பது. அத்தகைய நிலங்கள் பெரும்பாலும் நகரங்களுக்கு வெகு தொலைவில் உள்ளன. டாஸ்மேனியாவின் பார்ன்பூகல் டியூன்ஸ், நியூசிலாந்தின் தாரா இட்டி ஆகியவை டோக்கின் புகழ்பெற்ற மைதானங்கள். விமானமும் விடுதியும் கட்டுப்படியாகிறவர்களுக்கே அவை எட்டும். எளிமையின் பெயரால் உருவானவை செல்வந்தர்களின் யாத்திரைத் தலங்களானது முரண்தான். நிலம் அமையாத இடத்தில் டோக்கும் மண்ணை நகர்த்தியிருக்கிறார். டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்துக்காகத் தட்டையான நிலத்தில் அவர் அமைத்த மைதானத்துக்கு, பத்து லட்சம் கன கெஜத்துக்கும் மேல் மண் இடம்பெயர்ந்தது.

இக்குறைக்கு ஓரளவு விடை, ஹூஸ்டன் நகரின் பொது மைதானமான மெமோரியல் பார்க். 1936-இல் திறக்கப்பட்ட இம்மைதானத்தை 2019-இல் டோக் புதுப்பித்தார். முன்னணி வீரர் புரூக்ஸ் கெப்கா ஆலோசகராக இருந்தார். 2020 முதல் அங்கு தொழில்முறைப் போட்டி நடைபெறுகிறது; ஆண்டின் மற்ற நாட்களில் நகரவாசிகள் ஆடுகின்றனர். மைதானம் முழுவதிலும் ஏறக்குறைய 20 மணற்குழிகளே உள்ளன. மணற்குழி தொழில்முறை வீரரை அச்சுறுத்துவதில்லை, சாதாரண ஆட்டக்காரரையே வதைக்கிறது என்பது இதன் பின்னுள்ள கணக்கு. மாறாக, கிரீனைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்சரிவில் பந்து உருண்டோடும்போது, தேர்ந்த வீரரே எந்த அடியைத் தெரிவு செய்வதெனக் குழம்புகிறார். பராமரிப்புச் செலவும் குறைகிறது.

எனினும் காற்றில்லாத நாளில் இத்தகைய மைதானங்கள் வீரர்களுக்கு எளிதாகிவிடுகின்றன என்பதும் உண்மை. ஸ்காட்லாந்தில் டோக் வடிவமைத்த ரினைசன்ஸ் கிளப்பில் 2019 ஸ்காட்டிஷ் ஓபன் முதன்முறையாக நடந்தபோது, வெற்றி பெற்ற ஸ்கோர் பாருக்கு 22 அடிகள் குறைவு. அது மைதானத்தின் தோல்வி எனச் சிலர் விமர்சித்தனர். 2023-இல் காற்று சுழன்றடித்தபோது அதே மைதானத்தின் கடைசி ஹோல்களில் ரோரி மெக்கில்ராய் போராடி வென்றார்.

இந்தியாவுக்கும் இவ்விவாதம் அந்நியமானதன்று. 1829-இல் நிறுவப்பட்ட ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழமையானதாகக் கருதப்படுகிறது. டெல்லி கோல்ஃப் கிளப்பின் முதன்மை மைதானத்தை 1970-களில் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சனும், 2019-இல் தென்னாப்பிரிக்காவின் கேரி பிளேயரும் மாற்றியமைத்தனர்.

பந்தைக் கட்டுப்படுத்தினால் மைதானத்தை மாற்ற வேண்டியதில்லை என்ற வாதம் இறுதியாக விதி வகுப்போரை எட்டியது. பந்தின் பரிசோதனைத் தரத்தைக் கடுமையாக்குவதாக ஆர் அண்ட் ஏ, அமெரிக்க கோல்ஃப் சங்கம் ஆகிய இரண்டும் 2023 டிசம்பரில் அறிவித்தன. முன்னணிப் போட்டிகளில் 2028 முதலும், அனைவருக்கும் 2030 முதலும் நடைமுறை என்று அப்போது கூறப்பட்டது. மிக வலுவாக அடிப்போருக்கு 13 முதல் 15 கெஜம் வரையிலும், சாதாரண ஆட்டக்காரருக்கு 5 கெஜம் அல்லது அதற்குக் குறைவாகவும் தொலைவு குறையும் என்பது அவற்றின் மதிப்பீடு. 600 கெஜம் நீண்டுவிட்ட அகஸ்டாவை வைத்துப் பார்த்தால், இது மேலும் நீளாமல் தடுக்கும் அணையே தவிர, பழைய நிலைக்குத் திருப்பும் மருந்தன்று.

இதற்கிடையே டோக்கின் சொந்தப் படைப்பே பழைய மைதானங்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது. அவரது முதல் மைதானமான ஹை பாயின்ட் 2008-இல் மூடப்பட்டு, நிலத்தின் ஒரு பகுதி பீர் தயாரிப்புக்கான ஹாப்ஸ் கொடி பயிரிடும் பண்ணையாக மாறியது. 2024-இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. பழைய ஹோல்கள் சில அதே இடத்தில் மீட்கப்பட்டன. பண்ணைக்குப் போனவற்றுக்கு மாற்றாக, அருகிலுள்ள நிலத்தில் டோக் புதிய ஹோல்களை அமைத்தார். அவற்றைப் பழையவற்றின் நகலாக அவர் செய்யவில்லை.